லீவுப் பட்டியலில் மே மாதம்

சமையலறைச் சுவரில் லீவுப் பட்டியல் தொங்கியது. அன்று ஐந்து மணிக்கு செஃப் கழற்றிவிடுவார்; அதற்குள் பெயர் எழுத வேண்டும். எனக்கு மிச்சம் இருந்தது இரண்டே கிழமை லீவு.

இன்டர்லாக்கனில் இந்த ஹோட்டலில் கனகாலமாக வேலை. வருடா வருடம் ஓகஸ்டில் கோயில் தேருக்குத்தான் லீவு எழுதுவேன். இந்த முறை மகள் குறுக்கே நின்றாள். அவள் அமெரிக்காவின் தெற்கில் ஒரு வருடம் படிக்கப் போயிருந்தாள். மே மாதத்தோடு திரும்பிவிடுவாள். அங்கே ஒரு வரலாற்றுப் பூங்கா இருக்கிறதாம். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள், அங்கே உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலையான பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டும் இடம். அப்பாவோடுதான் பார்ப்பேன் என்று நின்றாள்.

மனைவி சிரித்தாள். "அவ்வளவு தூரம் போறியள். நயாகராவைப் பாத்தாலும் நாலு படம் போடலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் போர் முடிந்த பிறகு ஒருமுறை ஊருக்குப் போனேன். காணியைச் சுற்றி ஆமி முள்ளுக்கம்பி அடித்திருந்தது. றோட்டில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். மகளிடம், காணி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்தப் பூங்காவில் வைத்து எங்கள் காணியைப் பற்றிக் கேட்டாள் என்றால் மறைக்க ஏலாது. அதுதான் பயம்.

மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே எங்களுக்கு ஓய்வு. சிம்மர்ஸ்டுண்டே என்பார்கள். மேலே அறையில், படுக்காமல், ஏப்ரன் கழற்றாமல் இருந்தேன். நாலே முக்காலுக்கு மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, எழுதிட்டியளோ?"

"இல்லை. அங்க பாக்க என்ன இருக்கு?"

"பழைய பள்ளிக்கூடம், சேர்ச். விடுதலையான சனத்துக்குக் காணி குடுத்தவையாம். பிறகு கன பேரிட்ட இருந்து பறிச்சுப் போட்டினமாம்."

ஏப்ரன் முடிச்சை இறுக்கினேன்.

"அப்பா? நிக்கிறியளோ?"

"பறிச்சாப் பிறகு அந்தச் சனம் என்ன செய்தது?"

"வடிவாத் தெரியாது. அதைத்தான் போய்ப் பாப்பம் எண்டுறன்."

மணி பார்த்தேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"எங்கட காணியும் ஆமியிட்டத்தான் இருக்கு," என்றேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "ஏன் சொல்லேல்லை?"

"அங்க வந்து சொல்லுறன். வை."

கீழே இறங்கினேன். ஓகஸ்ட் கட்டத்தில் செஃப் தானாகவே என் பெயரைப் பென்சிலால் போட்டு வைத்திருந்தார். அழித்தேன். மே மாதத்தில் பேனையால் எழுதினேன்.

செஃப் பின்னால் வந்து நின்றார். உங்கள் சாமி மாதத்தை மாற்றிவிட்டதா என்று ஜெர்மனில் கேட்டார்.

சாமி இல்லை, மகள் என்றேன்.

பட்டியலைக் கழற்றிக்கொண்டு போனார். நான் வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன்.