கச்சான் வறுத்த வெள்ளை மண்

எங்கள் வீட்டில் மண்ணைக் கழுவுவோம். மற்ற வீடுகளில் அரிசி கழுவுவதுபோலத்தான். அப்பாவுக்குக் கொழும்பில், கொட்டாஞ்சேனைச் சந்தியில் கச்சான் வண்டி. கச்சான் என்றால் நிலக்கடலை. கச்சானைச் சும்மா வறுத்தால் கருகிவிடும். மண்ணோடு போட்டுக் கிண்ட வேண்டும். முகத்துவாரத்தில், ஆறு கடலில் விழும் இடத்தில், அப்பா மண் அள்ளி வருவார். பழுப்பு நிறம், பெரிய பருக்கை. அம்மா அதை உப்புப் போக அலசி, வாசலில் சாக்கு விரித்துக் காயவைப்பார்.

அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். மண் அள்ளி வரும்போதெல்லாம் ஒரே பகிடி.

"இது எங்க மலைதான். கல்லு ஒடஞ்சு உருண்டு ஆத்தோட கொழும்புக்கு வந்துருச்சு, என்னய மாதிரி."

அம்மா சிரிக்கமாட்டார். அவருக்கு வடக்கில் ஒரு கடற்கரை ஊர். அது அப்போது ஆமிக்காரரிடம் இருந்தது. ஊர்ச்சனம் போக முடியாது. "எங்கடை மண் பால் மாதிரி" என்பார். நான் நம்பவில்லை. மண் என்றால் மண் நிறம்தானே. நான் கண்ட கடற்கரை இரண்டு, முகத்துவாரமும் வெள்ளவத்தையும். இரண்டிலும் பழுப்புத்தான்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவின் தம்பி வந்தார். கோயில் திருவிழா என்று ஒரு நாள் மட்டும் சனத்தை ஊருக்குள் விட்டிருந்தார்கள். வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவா என்று அம்மா சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் வீடு இல்லை. போனில் படம் எடுக்கவும் விடவில்லை. மாமா கரைக்குப் போய் ஒரு பை மண் அள்ளி வந்திருந்தார்.

வெள்ளைதான். அரிசிமா மாதிரி.

"ஏன் மாமா இப்பிடி?"

"இது கல்லில்லை பிள்ளை. சிப்பி, சங்கு, பவளப்பாறை. அலை அரைச்சுப் போட்டது. எங்கடை பக்கம் மலை எங்கை, ஆறு எங்கை?"

அம்மா பைக்குள் கையை விட்டபடி கனநேரம் இருந்தார். மண் ஈரமாக இருந்தது. காய்ந்ததும் சாமிப் படத்தடியில் வைக்க ஒரு ஜாம் போத்தலைக் கழுவி வைத்தார். அப்பா அப்போது வீட்டில் இல்லை. அவருடைய மண் காயும் சாக்கிலேயே அம்மா இதையும் விரித்தார். விரித்துவிட்டு என்னையும் மாமாவையும் கோயிலுக்குக் கூட்டிப் போனார்.

திரும்பி வரும்போது அப்பா சந்தியில் வண்டியோடு நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"புது மண்ணு காயப் போட்டிருந்தியே, எங்க புடிச்ச? பழசு கறுத்துப் போச்சுன்னு நானே நெனச்சேன்."

சட்டிக்குள் பார்த்தோம். அம்மாவின் மண் புகைந்துகொண்டிருந்தது. சிப்பி மண்ணுக்குப் பலம் இல்லை. கிண்டக் கிண்டப் பொடியாகி, கச்சான் கோதெல்லாம் மா அப்பியிருந்தது. வாங்கின சிங்களப் பொடியன் விரலை நீட்டி, "அய்யே, மே ஹுனுத?" என்றான். சுண்ணாம்பா என்று கேட்கிறான். நான் சிரித்துவிட்டேன்.

"அத்தான், அது அக்கான்ரை மண்" என்றார் மாமா.

"எந்த மண்ணு?"

"ஊர் மண்."

அப்பாவின் கை நின்றது. "ஒரு வார்த்த சொல்லக்கூடாதா" என்றார், யாரிடம் என்று தெரியாமல். அடுப்பை அணைத்தார். மண் அதற்குள் கறுக்கத் தொடங்கியிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்கு வந்தோம்.

அம்மா கத்துவார் என்று பார்த்திருந்தேன். கத்தவில்லை. ஜாம் போத்தலை எடுத்து உள்ளே வைத்தார். சட்டியை இறக்கச் சொன்னார். வாசலில் உட்கார்ந்து கச்சானை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்னத் தொடங்கினார். அப்பா வண்டியை ஓரமாக விட்டார். பிறகு பக்கத்தில் குந்தி, உடைத்து உடைத்துக் கொடுத்தார். அம்மாவின் விரல் நுனியெல்லாம் வெள்ளை. அதையும் நக்கினார்.

"நல்லாயில்லைத்தானே அம்மா?"

"உப்பு இருக்கு."

மாமாவும் ஒன்றை வாயில் போட்டார். "ஓம் அக்கா" என்றார்.

அப்பா கச்சானுக்கு உப்புப் போடுவதில்லை. நானும் ஒன்று தின்று பார்த்தேன். மா மாதிரி அண்ணத்தில் ஒட்டியது. உப்பைக் காணவில்லை. அம்மா பக்கத்து ஆட்களுக்கே நாக்கில் ஏதோ பிழை, நல்ல காலம் எனக்கு அப்பாவின் நாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.