கருப்பையா கங்காணியின் சத்தமும் ஓடாத டிவிடியும்

டிவிடி ஓடலைன்னு வர்றவங்கள்ல பாதிப் பேரோட டிவிடியில கோளாறே இருக்காது. மீதிப் பாதிப் பேர் அந்தக் கோளாறை வீட்டுலயே சரி பண்ணிப் பாத்துட்டுத்தான் வருவாங்க. ஹட்டன் டவுன்ல ஒரு மாடிப்படிக்குக் கீழ கம்ப்யூட்டர் திருத்துற கடை வச்சிருக்கேன். எனக்குக் கோவம் சீக்கிரம் வரும், அதையும் இப்பவே சொல்லிடுறேன். எல்லாம் போனுக்குள்ள வந்துருச்சே, இப்ப யாரு டிவிடி பாக்குறான்னு கேக்காதீங்க. கல்யாணம், சடங்கு, காது குத்துன்னு ஒவ்வொரு வீட்டு அலமாரியிலயும் நாலு தட்டு கெடக்கத்தான் செய்யுது. டிஸ்க்கைப் போட்ட பிறகும் "டிஸ்க்கைப் போடவும்"னு கேக்குற திரைக்கு முன்னால நீங்களும் தலையில கை வச்சு உக்காந்திருந்தா, நீங்க நம்ம ஆளுதான்.

காலையில ஓடாது, பின்னேரம் ஓடும்

வட்டவளையில ஒரு மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்துல கணக்குப் படிப்பிக்கிறவர். அவர் வீட்டுக் கம்ப்யூட்டர்ல காலையில டிவிடி போட்டா ஓடாதாம், பின்னேரம் போட்டா ஓடுமாம். மூணு தரம் போனேன். மூணு தரமும் பின்னேரம்தான் போக முடிஞ்சுச்சு, மூணு தரமும் ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு. இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவர் முடிவு பண்ணிட்டது மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு.

விடுவேனா? நாலாவது தரம் விடியக் காலையில போய் நின்னேன். ஜன்னல் ஆன்னு தொறந்து கெடக்கு, பனி உள்ள வந்து மேசையெல்லாம் ஈரம். டிஸ்க்கைப் படிக்கிற சின்னக் கண்ணாடியிலயும் ஈரம் பூத்துப் போயிருந்துச்சு. ஜன்னலை மூடி வைங்க, கம்ப்யூட்டரை அரை மணி நேரம் சும்மா ஓட விடுங்க, சூடேறின பிறகு டிஸ்க்கைப் போடுங்கன்னேன். மாஸ்டர் ஜன்னலை இழுத்துச் சாத்திட்டுச் சொன்னார்:

"அப்ப இதுக்கும் காலமை ஒரு தேத்தண்ணி குடுத்தாத்தான் வேலை செய்யும் எண்டு சொல்லுங்கோ பிள்ளை."

முன் பக்கம் எது?

செல்வமணி அக்கா அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க. குடியிருக்கிறது லயத்துல, ஒரே கூரைக்குக் கீழ வரிசையா காம்பரா, நடுவுல ஒரு சுவர்தான். மொத நாள் மொனிட்டரை மட்டும் கம்பளியில சுத்தி, கைக்கொழந்தையத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வந்து இறங்கினாங்க. படம் தெரியாதது இதுலதானேன்னு சொன்னாங்க. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்கன்னு தெரிஞ்சதும் வாயை மூடிக்கிட்டேன். இது நல்லாத்தான் இருக்கு, அடுத்த தரம் டிஸ்க்கைக் கொண்டாங்கக்கான்னு அனுப்பினேன்.

அடுத்த ஞாயித்துக்கெழமை டிஸ்க் வந்துச்சு, மூத்த மகள் கல்யாண டிவிடி. அப்பதான் விஷயத்தைச் சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் கருப்பையா, தோட்டத்துல கங்காணி. காலைப் பெரட்டுல ஆளுங்களை வேலைக்குப் பிரிக்கிறப்ப அவர் பேர் கூப்பிட்டா அடுத்த மலைக்குக் கேக்குமாம். போன வருஷம் தொண்டையில ஆபரேஷன். ஆளு பொழச்சுட்டார், சத்தம் போயிருச்சு. அவர் பேசினது கொஞ்சம் இருந்த பழைய போனும் ஆத்துல விழுந்து போச்சு. இனி அவர் சத்தம் இருக்கிறது இந்த ஒரு தட்டுலதான், ஒரு தரம் கேட்டாப் போதும்னாங்க.

டிஸ்க்கைத் திருப்பிப் பாத்தேன். பளபளன்னு இருக்க வேண்டிய பக்கத்துல சந்தனமும் குங்குமமுமா மூணு பொட்டு. வெள்ளிக்கெழமை சாமி படத்துக்கு வைக்கிறப்பல்லாம் இதுக்கும் வச்சிருக்காங்க. ஏசவும் மனசு வரல. ஆயுத பூசைக்குத் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியில இருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் நாமளும்தான் பொட்டு வைக்கிறோம், என் கடை ஸ்க்ரூ டிரைவருக்கே வச்சிருக்கேன். ஆனாலும் பேர் எழுதின பக்கத்துல வச்சிருக்கக் கூடாதான்னு கேட்டுட்டேன்.

"முகம் தெரியுற பக்கம்தானே மிஸ் முன் பக்கம்?"

பாட்டு, பாட்டு, பாட்டு

நனைச்ச பஞ்சால நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேர் கோட்டுல தொடச்சேன். வட்டமாத் தேச்சா காரியம் கெட்டுரும், வீட்டுல செய்றவங்க ஞாபகம் வச்சுக்குங்க. டிஸ்க் ஓட ஆரம்பிச்சுச்சு. நானும் அக்காவும் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தோம். பொண்ணு வருது, தாலி ஏறுது, எல்லாத்துக்கும் மேல சினிமாப் பாட்டு. கங்காணி கையை ஆட்டிப் பேசுறார், யாரையோ அதட்டுறார், வாய் மட்டும்தான் அசையுது. சத்தத்தைக் கூட்டுங்க மிஸ், இன்னும் கூட்டுங்கன்னாங்க அக்கா. கூட்டினா பாட்டுதான் கூடுச்சு. கடைசி நாலு நிமிஷம் இருக்கிறப்ப படம் கட்டம் கட்டமா ஒடஞ்சு நின்னே போச்சு. அக்கா முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சுவரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

வீடியோ எடுத்தவரைத் தேடிப் பிடிச்சு, பாட்டுப் போடாத பழைய கேசட் இருக்கான்னு போன்ல கேட்டேன். அது மேலயே வேற கல்யாணமெல்லாம் எடுத்தாச்சாம். மனுஷங்க பேசினதை அழிச்சுட்டு எதுக்குப் பாட்டைப் போட்டீங்கன்னு சண்டைக்கே போயிட்டேன். அந்த மனுஷன் பதறவே இல்ல.

"பாட்டுப் போடாமக் குடுத்தா, வேலை இன்னும் முடியலைன்னு திருப்பி அனுப்புறாங்க தங்கச்சி, நான் என்ன செய்ய?"

கடைசி நாலு நிமிஷம்

ராத்திரி படுத்தப்பதான் ஒண்ணு தோணுச்சு. படம் ஒடையத் தொடங்குறப்பவே பாட்டு முடிஞ்சு போச்சு, அடுத்த பாட்டு தொடங்கவே இல்ல. அப்ப அந்த நாலு நிமிஷத்துக்குப் போடப் பாட்டு பத்தாமப் போயிருந்தா? டிவிடி நடுவுல இருந்து வெளிய ஓடுற சாமான். படத்தோட முடிவு வெளி ஓரத்துலதான் கெடக்கும், எல்லாரும் கை வச்சுப் பிடிச்சுக் கீறல் விழுறதும் அங்கதான். புது டிரைவுக்குப் பொறுமை கெடையாது, ரெண்டு தரம் பாத்துட்டு விட்டுரும். கழிச்சுப் போட்ட பழைய டிரைவ் ஒண்ணைத் தேடிப் பூட்டி, மெதுவாத் திருப்பித் திருப்பிப் படிக்க விட்டேன். என் பொறுமையும் அதுகிட்டதான் இருந்துச்சு. மூணாவது நாள் மத்தியானம் முழுசாப் படிச்சு முடிச்சுருச்சு. நான் போட்டுப் பாக்கல. மொதல்ல கேக்க வேண்டியவங்க நான் இல்லையே. சத்தம் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகலாம், ரெண்டு பேரும் வாங்கன்னு அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

கங்காணி ஒல்லியா, கழுத்தைச் சுத்தி மப்ளரோட வந்து உக்காந்தார். போட்டேன். பந்தி நடக்குது, பாட்டு இல்ல. பாத்திரச் சத்தம், புள்ளைங்க சத்தம். அதுக்கு மேல ஒரு குரல் எழும்பிச்சு பாருங்க, ரோட்டுல போனவங்க நின்னு எட்டிப் பாத்தாங்க.

"மூணாம் நம்பர் லயத்து ஆளுங்க யாரும் இன்னும் சாப்பிடல, எல்லாரும் வாங்க, சோறு நெறைய இருக்கு! செல்வமணி, எங்க போன? நீ சாப்பிட்டியா?"

கங்காணி தொண்டையில கையை வச்சுக்கிட்டார். அப்புறம் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிச்சார். ஒரு விரலைக் காட்டி இன்னொரு தரம்னு சைகை செஞ்சார். இன்னொரு தரம், அப்புறம் இன்னொரு தரம். நான் அழுதுட்டேன், அதுல என்ன வெக்கம். அக்கா போன்ல அதை ஏத்திக் குடுத்தேன். அவங்க போனை மடியில வச்சுக்கிட்டு, வீட்டுக்காரரையே பாத்துக்கிட்டுச் சொன்னாங்க:

"இருபத்தஞ்சு வருஷமா இந்தச் சத்தத்தைத்தான் மிஸ், மெதுவாப் பேசுங்க, பக்கத்துக் காம்பராவுல முழிச்சுக்குவாங்கன்னு அடக்கிக்கிட்டே இருந்தேன்."

இந்தத் தொழில்ல இருந்து உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கல்யாண வீடியோவுல எத்தனை பாட்டு வேணும்னாலும் போடுங்க, ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும் வீட்டு ஆளுங்க கத்துறதைக் கத்த விட்டு வைங்க, இல்லன்னா பின்னால என்கிட்ட வந்துதான் ஏச்சு வாங்கணும்.