அமாவாசை கட்டுமரம் பிடித்த கதை

எங்கள் அரியலூர் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக ரெக்கார்டு ரூம் அட்டெண்டர், அமாவாசை. எந்தக் காலத்துக் கோப்பைக் கேட்டாலும் தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்துவிடுவார். அதை அவர் கையிலிருந்து வாங்க யாரும் கூச்சப்பட்டதில்லை. அவர் டீ குடிக்கிற டம்ளர் மட்டும் ஜன்னல் கம்பியில் தனியாகத் தொங்கும். அவர் சேரிக்காரர் என்பதால் அல்லவாம், டம்ளர் மாறிவிடக் கூடாதாம். ஹெட் கிளார்க் ராசாங்கம் அப்படித்தான் விளக்கம் கொடுத்தார். அடேயப்பா, என்ன அக்கறை!

எண்பத்து நாலில் ராசாங்கத்துக்கு அவர் மச்சான் வெளிநாட்டுக் காலண்டர் ஒன்றை அனுப்பினார். ஏப்ரல் மாதப் படத்தில், மத்தியதரைக் கடலில் வெள்ளைக்காரக் கும்பல் ஒன்று ‘கேட்டமரான்’ என்கிற பாய்மரப் படகை வாடகைக்குப் பிடித்து, அரைகுறை உடையில் படுத்துக் கிடந்தது.

“நம்ம கட்டுமரத்தத்தான்யா அவன் ஊருக்குத் தூக்கிட்டுப் போயி சொகுசு பண்ணிருக்கான். நாமளும் குரூப்பா ஒரு படகு புடிக்கிறோம், தரங்கம்பாடி போறோம்” என்றார் ராசாங்கம். உடை விஷயத்தில் பின்பற்றச் சொல்லவில்லை, பிழைத்தோம்.

தலைக்கு முப்பது ரூபாய் என்று முடிவானது. முதலில் கொடுத்தவர் அமாவாசை, இரண்டு பேருக்கு. அவர் மனைவி செல்வம்மாள் கடலையே பார்த்ததில்லை. ஒரு தரமாவது கடல்மேல் போய்விட்டு வர வேண்டும் என்று கல்யாணமான நாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தவர்.

தரங்கம்பாடியில் மற்ற எல்லாரும் மோட்டார் படகில் ஏறியதும் படகுக்காரர் தலையைச் சொறிந்தார். “முன்னால கனம் பத்தல. இன்னும் ரெண்டு ஆளு வேணும்.”

கரையில் நின்ற அமாவாசையும் செல்வம்மாளும் ஆசையாக முன்னால் வந்தார்கள்.

“நீ எங்கய்யா வர்ற? வூட்டுக்காரியோட இங்கயே இருந்து சோத்துப் பானையப் பாத்துக்க. நாய் வாய வச்சிரும்” என்றார் ராசாங்கம். படகுக்காரரிடம், “முன்னால ரெண்டு மணல் மூட்டையப் போடுப்பா” என்றார்.

மணல் மூட்டைகள் மரியாதையாக ஏறி உட்கார்ந்தன. நானும் அந்தப் படகில்தான் இருந்தேன். டைப்பிஸ்ட் வேலைக்கு வந்து ஆறே மாதம். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அலை தூக்கிப் போட்ட பிறகுதான் திறந்தேன், வாந்தி எடுக்க. வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் கரையில் நடந்ததைச் செல்வம்மாளே சொன்னார்.

“மணல் மூட்டைக்கு யாருங்க முப்பது ரூவா கட்டுனா?” என்று புருஷனைக் கேட்டிருக்கிறார். அமாவாசை நாயை விரட்டியிருக்கிறார். செல்வம்மாள் விடுவிடுவென்று, கட்டுமரத்தோரம் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

“பொம்பளைய மரத்துல ஏத்துறதில்லம்மா. ஊருல ஏசுவாங்க” என்றாராம் அவர்.

செல்வம்மாள் பானையை இழுத்து வந்து மூடியைத் திறந்தார். பதினான்கு பேருக்கான புளியோதரை, மேலே மசால் வடை. மீனவர் ஒரு வடையைக் கடித்துப் பார்த்துவிட்டு, “தம்பிகளா, மரத்தத் தள்ளுங்கடா!” என்று கத்தினாராம்.

கடலில் ராசாங்கம் மணல் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி சிறுவாச்சூர் காளியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்தில் ஒரு கட்டுமரம் வந்தது. நனைந்த சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்த செல்வம்மாள், அலை வந்து மோதும்போதெல்லாம் சிரித்தார். அமாவாசை அவர் தோளைப் பிடித்திருந்தார்.

ராசாங்கம் தலையைத் தூக்கினார். “யோவ், சோத்துப் பானைய யாருய்யா பாத்துக்குறா?”

கூப்பிட்ட குரலுக்கு ‘சார்’ என்று ஓடிவருகிற அமாவாசை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மெமோ தயார். சுற்றுலாச் சோற்றுக்கு மெமோ கொடுத்த ஆபீஸ் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். ‘பொறுப்பில் விடப்பட்ட உணவைக் கைவிட்டு, பதினொரு மணி முதல் பன்னிரண்டு மணி வரை எங்கிருந்தீர்?’ நான்தான் டைப் அடித்தேன்.

இதற்குமுன் வந்த மெமோவுக்கெல்லாம் மன்னிப்புக் கடிதத்தை அமாவாசை என்னைத்தான் எழுதித் தரச் சொல்வார். அன்று என் பேனாவை மட்டும் வாங்கினார். நின்றபடியே எழுதி நீட்டினார்.

‘கடலில். நானும் என் மனைவியும்.’