இரண்டு பிரிண்ட், ஒரு சீட்

பிளஸ் டூ முடித்த விடுமுறையில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் என்ன படிப்பது என்று எனக்குத் துளியும் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் உபதேசம் கிடைக்கும். தலையாட்டினால் சாயா கிடைக்கும்.

அப்பா பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். அங்கே ரிசார்ட்டில் கணக்கெழுதுபவர் ஏசி அறையில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து, நான் காமர்ஸ் படிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். அம்மா கொல்லயில் கிராமத்தில் எங்கள் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். அவருக்கு நான் கணக்கு டீச்சராக வேண்டும்.

விண்ணப்பம் ஆன்லைனில். விரும்பும் பாடங்களை வரிசையாகக் கொடுக்க வேண்டும். கடைசி நாள் வரை வரிசையை மாற்றலாம். இந்தச் சலுகையை நான் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்தினேன். பாறசாலை கம்ப்யூட்டர் சென்டரில் காமர்ஸை மேலே ஏற்றி, பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் காட்டினேன். மறுநாள் கணக்கை மேலே ஏற்றி அம்மாவிடம் காட்டினேன். அன்றிரவு சாப்பாட்டில், தோற்றுப்போனவரிடம் காட்டும் இரக்கத்தோடு இருவரும் ஒருவருக்கொருவர் மீன் துண்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாக இருந்தது.

கடைசி நாள் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. இனி யாராவது ஒருவர் உண்மையாகவே தோற்க வேண்டும். சீட் கிடைக்காதவர்கள் அடுத்த சுற்று ஒதுக்கீட்டுக்கு முன் வரிசையைத் திருத்தலாம் என்று கேள்விப்பட்டிருந்ததால், நாளைக் கடத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, திருவனந்தபுரத்தில் மிகக் குறைந்த சீட் உள்ள தத்துவத்தை மட்டும் போட்டேன். எப்படியும் கிடைக்காது.

"இது கிட்டினா பின்ன மாற்றம் இல்ல, கேட்டியா?" என்றார் சென்டர் அக்கா. கிடைக்காது என்று அவருக்கே தைரியம் சொன்னேன்.

கிடைத்தது. சீட் குறைவென்று பார்த்த நான், அதைக் கேட்கவும் ஆளில்லை என்பதை யோசிக்கவில்லை.

அன்று மாலை, தத்துவம் கிடைத்திருக்கிறது என்று கேட்டதும் இருவரும் தங்கள் பிரிண்டைக் கொண்டுவந்து மேசையில் அருகருகே வைத்தார்கள். என்னிடம் சொல்லப் பொய் எதுவும் மிச்சமில்லை. எனக்கு எது வேண்டும் என்றே தெரியவில்லை, முதல் நாளிலிருந்தே தெரியாது என்று அழுதபடி சொன்னேன்.

அப்பா காமர்ஸ் பிரிண்டைக் கையில் எடுத்தார்.

"காமர்ஸுண்ணா என்னதுண்ணு எனக்கும் தெரியாது மக்கா. அந்த ரூம் நல்ல தணுப்பாக்கும்" என்றார்.

அம்மாதான் முதலில் சிரித்தார். எனக்கு அவர்கள் இருவர் மீதும் அவ்வளவு பிரியமாக இருந்தது.

மறுநாள் சீட்டை ஏற்பதா விடுவதா என்று தெரிவிக்க வேண்டும். விட்டுவிட்டு அடுத்த வருஷம் மறுபடி முயன்று பார்க்கலாம் என்றார் அம்மா. நான் ஏற்கப்போவதாகச் சொன்னேன்.

"உனக்கு அது பிடிக்குமாண்ணு உறப்பா தெரியுமா?"

"இல்லம்மா. ஆனா நானா போட்டது இது ஒண்ணுதான்."