முத்துமாரி சித்தியின் வயிற்றுவலி

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் பக்கத்து வீட்டு மாமா வகுப்பு வாசலில் வந்து நின்றார். டீச்சரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். டீச்சர் என்னிடம், பையை எடுத்துக்கொள் என்று மட்டும் சொன்னார். விருதுநகர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து நான்கு நாளாகக் கிடந்த முத்துமாரி சித்தி இறந்துவிட்டாள் என்று வண்டியில் ஏறும்போதுதான் மாமா சொன்னார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் அவளோடு உட்கார்ந்து சரவெடி பின்னிய அக்காமாரே, அத்தைமாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

சீசன் நேரத்தில் ஒருநாள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது நீங்கள் பதறிப்போய்க் கேட்டீர்களாம். "ஒண்ணுமில்ல மதினி, எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள தீபாவளி முன்னாடியே வந்துருச்சு" என்றாளாம். நீங்கள் சிரித்ததை வீட்டில் சொல்லிச் சொல்லி அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதும் கை வயிற்றில்தான் இருந்தது.

வெடிமருந்துத் தூசி உள்ளே போனதால் வலிக்கிறது என்று எல்லாரும் சொன்னீர்கள். வாழைப்பழமும் வெல்லமும் தின்றால் தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்றீர்கள். தின்றாள். குடல் ஏறியிருக்கிறது என்று ஓர் அத்தை விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டார். வலி நிற்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். படிக்கிற பிள்ளை நீயே பேசு என்று என்னை முன்னால் தள்ளினாள். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். பசித்தால் வலிக்கிறதா, சாப்பிட்டால் வலிக்கிறதா, வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கிறதா? கடைசியில், தினமும் ஏதாவது மாத்திரை போடுகிறாரா என்றார்.

"மாத்திரையே தொடுறதில்லம்மா" என்றாள் சித்தி.

அவள் பொய் சொல்லவில்லை. காலையில் டீயோடு போடுகிற இடுப்புவலி மாத்திரையை நம்மில் யாரும் மாத்திரையாக நினைப்பதில்லை. பலசரக்குக் கடையில் சீயக்காய் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது. வெறும் வயிற்றில் ஒன்று, மத்தியானம் ஒன்று. வயிறு வலிக்கத் தொடங்கியதும் அந்த வலிக்கும் அதையே போட்டாள். வாங்கிவந்து கொடுத்தவள் நான்.

எனக்கு அது வாய்வரை வந்தது. நீதான் வாங்கிக் கொடுத்தாயா என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் சொல்லவில்லை. டாக்டரம்மா வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "ஆர்டர் முடியட்டும்டி. வயிறு எங்கன போயிரப்போகுது?" என்றாள் சித்தி.

பத்து நாள் கழித்து கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது விழுந்தாள். இரைப்பையில் ஓட்டை விழுந்திருந்தது. வெறும் வயிற்றில் தினமும் வலி மாத்திரை போட்டால் இப்படி ஆகும், போட்டாரா என்று ஆபரேஷன் செய்த டாக்டர் அம்மாவிடம் கேட்டார். இல்லை, எல்லாம் கம்பெனித் தூசிதான் என்றாள் அம்மா. நான் கதவோரம் நின்றிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அவள் இறப்பதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். சித்திக்குக் குரல் எழும்பவில்லை. காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்டேன்.

"நான் வார வரைக்கும் எங்க அக்காவப் பாத்துக்கோடி. இடுப்பு வலின்னா அந்த மாத்திரைய வாங்கிக் குடு."

பதினாறாம் நாள் முடிந்து அம்மா வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். சித்தியின் இடத்தில் உட்கார்ந்து பின்னுகிறாள். இன்று காலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடைக்குப் போகச் சொன்னாள். கடை பூட்டியிருக்கிறது என்று பொய் சொன்னேன். நாளைக்கும் கேட்பாள்.

சித்தியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவள் கடைசியாகச் சொன்ன இந்த வேலை ஒன்றுதான். அதை என்னால் செய்ய முடியாது. ஏன் முடியாது என்று அம்மாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.