அப்பாவுக்கு ஒரு நாற்பத்தோரு இஞ்ச் ராக்கெட்

போன வருடம் பள்ளிகள் திறந்த சமயத்தில், கோவை சரவணம்பட்டியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்து டென்னிஸ் மைதானத்தில் நடந்தவை, வரிசைப்படி:

1. ஓர் அப்பா தன் ஆறு வயது மகளுக்கு, பெரியவர்கள் ஆடும் இருபத்தேழு இஞ்ச் ராக்கெட் வாங்கி வந்தார்.
2. நான் நீளம் அதிகம் என்றேன். அவர் அதைத் தன் லேத் பட்டறையில் அறுத்துக் கொண்டுவந்தார்.
3. அறுத்த ராக்கெட் பறந்தது.
4. அந்த அப்பாவுக்கு நான் ஒரு ராக்கெட் வரைந்து கொடுத்தேன்.

எனக்கு ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை. கல்லூரி அணியில் ஆடியவள் என்பதால், சனி, ஞாயிறு காலைகளில் வளாகத்துக் குழந்தைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். சின்னக் குழந்தைகளுக்கென்று தனிச் சாமான்கள் உண்டு. பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக, மெதுவாக வந்து இடுப்பளவுக்கே எழும்பும் மெத்தென்ற பந்து, கைக்கு அடங்கும் இருபத்தோரு இஞ்ச் ராக்கெட், தாழ்வான வலை. இவை இருந்தால் ஆறு வயதுக் குழந்தைகூடச் சீக்கிரமே பந்தைத் திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பெண்ணும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்த அவள் அப்பாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

“ஏனுங்க மிஸ்ஸு, இது பொம்மைப் பந்துங்களே. நெசப் பந்து எப்பத் தருவீங்க?”

அடுத்த ஞாயிறு அந்தப் பெரிய ராக்கெட் வந்தது.

“ரொம்பப் பெருசுங்களே” என்றேன்.

“வளர்ற புள்ளதானுங்க. நாளைக்கும் ஆகுமல்லங்க.”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் பள்ளிப் பாவாடை தைத்தால் விளிம்பை நிறைய உள்ளே மடித்துத் தைப்போம். ஷூவின் நுனியில் பஞ்சு வைப்போம். நானும் பஞ்சு ஷூவில் பள்ளிக்குப் போனவள்தான். ஆனால் ராக்கெட்டில் மடித்துத் தைக்க இடமில்லை. அந்தக் குழந்தை அதைக் கடப்பாரை போல இரண்டு கையாலும் தூக்கி நின்றாள். நெசப் பந்து தரையில் பட்டு அவள் தலைக்கு மேலே போனது.

“பந்தப் பாரு அம்மணி! திங்கறதெல்லாம் எங்க போகுது?” என்று வேலிக்கு வெளியிலிருந்து அப்பா கத்தினார்.

நான் மறுபடியும் நீளத்தைப் பற்றிச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் கைப்பிடியை அறுத்து, பிசிறு தேய்த்து, புது கிரிப் சுற்றிக் கொண்டுவந்தார். வேலை அவ்வளவு சுத்தம்.

“இருபத்தொண்ணு கேட்டீங்க, இருபத்தொண்ணு இருக்குதுங்க. டேப்பு வெச்சுப் பாத்துக்குங்க.”

நீளம் சரிதான். எடை முழுக்கத் தலையில் இருந்தது. அவள் வீசினாள், ராக்கெட் கையை விட்டுப் போய்விட்டது. அன்றைக்கு வலையைத் தாண்டிய ஒரே பொருள் அதுதான். அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஹோஸைப் போட்டுவிட்டு ஓடினார்.

அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. “இது ஆகறதில்லைங்க. வர்ற ஞாயித்துக்கெழம நெசப் பந்த அந்தப் பக்கம் அடிக்கோணும். இல்லீன்னா ஸ்கேட்டிங்ல சேத்தி உட்டர்றனுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

குழந்தை என்னிடம் வந்தாள். சிவப்பும் மஞ்சளுமான பந்து ஒன்று அவள் சட்டைக்குள் புடைத்துக்கொண்டிருந்தது.

“மிஸ், இத நானே வெச்சுக்கட்டுங்களா? ஸ்கேட்டிங்ல பந்து இருக்காதுங்க.”

அன்று மதியம் யோசித்தேன். பட்டறைக்காரரிடம் பேசி ஜெயிக்க முடியாது. ஆனால் டிராயிங் கொடுத்தால் மறுபேச்சு இருக்காது. அளவு தெளிவாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எதற்கு என்று கேட்கமாட்டார்கள். மகளின் உயரம் மூன்றே முக்கால் அடி, அப்பாவின் உயரம் ஐந்தே முக்கால். அவளுக்கு இருபத்தேழு இஞ்ச் என்றால், அதே விகிதத்தில் அவருக்கு நாற்பத்தொன்று. எடை ஒன்றே கால் கிலோ. வரைந்து, அளவு போட்டு, போனில் அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டார். “டாலரன்ஸ் எவ்வளவுங்க?” அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை கொண்டுவந்தார். அறுத்துப்போட்ட அதே ராக்கெட்டின் தலையை நீளமான குழாயில் செருகி, போல்ட் போட்டு முறுக்கி, எடைக்கு உள்ளே ஈயம் நிரப்பியிருந்தார். முகத்தில் அத்தனை பெருமை.

“ஆருக்குங்க இது? யானைக்குங்களா?”

“உங்களுக்குத்தானுங்க” என்றேன்.

வலைக்கு மேலே, அதே விகிதத்தில் நாலரை அடி உயரத்தில் ஒரு கயிறு கட்டினேன். அவர் தலைக்கு மேல் எழும்பும் ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். மற்ற பெற்றோர்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். அவர் முதல் பந்துக்கு வீசினார். ராக்கெட் அவரை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தியது. அடுத்த பந்து அவர் தலைக்கு மேலே போய்விட்டது. மூன்றாவது பந்து ராக்கெட்டில் பட்டு, கயிற்றுக்குக் கீழே, அவர் கால்மேலேயே விழுந்தது.

வேலியைப் பிடித்துக்கொண்டு மகள் கத்தினாள். “பந்தப் பாருங்கப்பா! திங்கறதெல்லாம் எங்க போகுது?”

செயலாளர்தான் முதலில் சிரித்தார். அவருக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது.

அப்பா ராக்கெட்டைத் தரையில் ஊன்றி மூச்சு வாங்கினார். தான் செய்த பொருளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

“என்ற புள்ளைக்கு இப்படித்தான் இருந்துச்சுங்களா?”

“அளவு அதேதானுங்க. டாலரன்ஸ்கூட நீங்கதான் கேட்டீங்க.”

கயிற்றை அவிழ்த்தேன். தாழ்வான வலையைக் கட்டி, சின்ன ராக்கெட்டை அவள் கையில் கொடுத்தேன். அவளே சட்டைக்குள்ளிருந்து பந்தை எடுத்தாள். பந்து அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது, மறுபடியும் போனது. அப்பா வேலிக்கு வெளியே போய் நின்று, போன பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஸ்கேட்டிங்ல எப்பங்க சேத்தறீங்க?” என்று கேட்டேன்.

“அட, சும்மா இருங்க மிஸ்ஸு” என்றவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஸ்கேட்டிங் ஷூ வாங்கிப்போட்டனுங்க. ரெண்டு சைஸ் பெருசாத்தான் வாங்கினேன். மெதுவாப் போட்டுக்குவா.”

இப்போதும் ஆபீசில் ஒரு கைப்பிடிக்கு அளவு போடும்போதெல்லாம், அதைப் பிடிக்கப்போகிறவர் யார் என்று முதலில் நினைத்துக்கொள்கிறேன். அந்த நாற்பத்தோரு இஞ்ச் ராக்கெட் மைதானத்து வேலியில் தொங்குகிறது. நெசப் பந்து கேட்டு வரும் புதுப் பெற்றோர்களிடம் அதை எடுத்துக் கொடுப்பவர் அந்த அப்பாதான். மகள் இருபத்தோரு இஞ்ச் ராக்கெட்டில் ஆடிக்கொண்டிருக்கிறாள். ஸ்கேட்டிங் ஷூ இன்னும் அவளுக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது.