அருள்செல்வம் சார்: ஒரு திருத்தம்

அருள்செல்வம் சார் காலமான செய்தி, கல்லூரித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் செவ்வாய்க்கிழமை காலை வந்தது. அடுத்த கால் மணி நேரத்தில் நாற்பது பேர் 'ஆர்ஐபி சார்' என்று எழுதிவிட்டார்கள். வகுப்பில் அவர் முதுகுக்குப் பின்னால் கொட்டாவி விட்டவர்கள் எல்லாம் 'எங்கள் வழிகாட்டி', 'ஒளிவிளக்கு' என்று உருகினார்கள். ஒருவர் வேறு யாருக்கோ எழுதிய இரங்கலை அப்படியே ஒட்டியதில், சார் திடீரென்று 'அன்புள்ள அம்மையார்' ஆகிவிட்டார். அதற்கும் பதினோரு பேர் கைகூப்பினார்கள். ஊடகம் படித்த கூட்டம் இது.

முன்னாள் மாணவர் சிறப்பு மலருக்கு என்னை எழுதச் சொன்னதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைப் பிடிக்காது. அவர் நடத்திய 'ஊடகவியல் அறிமுகம்' பாடத்தை நான் இரண்டு முறை படித்தவன். விரும்பி அல்ல, முதல் முறை தோற்றதால்.

கல்லூரி, தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பூமாலைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. தொலைக்காட்சியில் முகம் காட்டும் கனவோடு படியேறிய எங்களுக்கு சார் காட்டியது மங்கிப்போன ஸ்லைடுகள். அனுப்புநர், செய்தி, பெறுநர் என்று மூன்று பெட்டிகள், நடுவே அம்புக்குறிகள். அந்த அம்புக்குறிகளுக்கே ஒரு மாதம் போனது. ஸ்லைடில் உள்ளதைச் சார் ஒரு சொல் மாறாமல் வாசிப்பார்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம். 'பத்திரிகையில் இருந்தப்ப' என்று அடிக்கடி தொடங்குவார்கள். விசாரித்துப் பார்த்தால் அங்கே சார் மெய்ப்புப் பார்த்தவர்கள். ஆனால் நெஞ்சு நிமிர்த்தி நடக்கும் நடை மட்டும் பத்திரிகை ஆசிரியருடையது.

முதல் பணியாக எங்களுக்குக் கொடுத்தது மரண அறிவிப்பு எழுதுவது. உண்மையான துக்க வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, பெயர்களைக் கேட்டு எழுதி வர வேண்டும். தமிழ்ப் பத்திரிகையை நம் மக்கள் எந்தப் பக்கத்திலிருந்து திறக்கிறார்கள் என்பது ஊரறிந்தது. மரண அறிவிப்புப் பக்கத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசை போகும். அந்த வரிசையில் பெயர் வராவிட்டால் பத்து வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோகும் குடும்பங்கள் உண்டு. எங்களுக்கோ அது அவமானமாக இருந்தது. கேமரா பிடிக்க வந்தவர்களைச் சாவு வீட்டுக்கு அனுப்புகிறாரே என்று கறுவினோம்.

நான் கிள்ளானில் ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போனேன். மூத்த மகன் கொடுத்த பட்டியலை அழகாக எழுதிக் கொடுத்தேன். சார் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசிச் சரிபார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. அன்று அந்த வீட்டில் தொலைபேசியை எடுத்தவர் இறந்தவரின் இரண்டாவது மகள். அவர் பெயர் என் தாளில் இல்லை.

"அண்ணன்காரன் சொன்னத மட்டும் எழுதிட்டு வரதுக்கு நீ எதுக்குடா? டைப் அடிக்கிறவன் போதுமே," என்றார்கள் சார், வகுப்பு முழுக்கக் கேட்க. "செத்தவருக்கு எத்தன பிள்ளைங்கன்னு கேட்டியா? ஒரு பேர விட்டா ஒரு ஆள நீயே கொன்ன மாதிரி."

பூஜ்யம் போட்டார்கள். பாடமும் போனது. அடுத்த பாடத் தவணையில் அதே அம்புக்குறிகளுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தேன்.

அந்தத் தவணையில்தான், தீபாவளிக்கு முந்திய வாரம், படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெண் வந்து நின்றார். இடுப்பில் குழந்தை, கையில் முறுக்கு டின். சார் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். பிறகு என்னிடம், "கீழ போய் சார் இல்லன்னு சொல்லு," என்றார்கள்.

போய்ச் சொன்னேன். அந்தப் பெண் மேலே பார்த்தார். சார் ஸ்லைடு வாசிக்கும் குரல் தெருவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இல்லாத ஆளு நல்லா சத்தமா பாடம் நடத்துறாரு லா," என்றார். "பரவால்ல தம்பி. மக வந்துட்டுப் போனான்னு சொல்லுங்க."

மேலே வந்து சொன்னேன். "எந்த மக?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஸ்லைடுக்குப் போனார்கள். வானொலியின் பயன்கள்.

பிறகு விவரம் தெரிந்துகொண்டேன். ஜெஞ்சாரோம் ஊரைச் சேர்ந்த ஒரு சீனரைச் சாரின் மகள் விரும்பி மணந்திருக்கிறார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்தப் பெண் பிறக்கவே இல்லை. ஊரான் வீட்டு மகளின் பெயருக்காக எனக்குப் பூஜ்யம் போட்ட மனிதர் இவர். அன்று எனக்கு வந்த இளக்காரம் இன்றுவரை போகவில்லை.

செவ்வாய் மாலை கிள்ளானில் சாரின் வீட்டுக்குப் போனேன். தெருவை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். மகன் கதிரவன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்கதானே மீடியால இருக்கீங்க. பேப்பருக்கு எழுதிக் கொடுங்கண்ணே."

நான் மீடியாவில் இருக்கும் லட்சணம், ஒரு பேரங்காடியின் முகநூல் பக்கத்தில் கோழிக்கும் தக்காளிக்கும் வாசகம் எழுதுவது. தலையாட்டினேன். அவர் சொன்ன பட்டியல்: மனைவி, ஒரே மகன், மருமகள், பேரன்.

"உங்களுக்கு ஒரு அக்கா இருந்தாங்கல்ல?" என்று கேட்டேன்.

"அப்பாவே இல்லன்னு சொன்னதுண்ணே. இப்பப் போய் எதுக்கு லா அது," என்றார்.

சாவு வீட்டில் வாதாட மனம் வரவில்லை. இப்படிச் சொல்லிக்கொள்வது எளிது. உண்மையில் பயம்தான். கைப்பேசியில் தட்டி அனுப்பிவிட்டேன். புதன் காலை அச்சில் வந்தது. ஒரே மகன்.

மின்சுடலைக்குப் புறப்படும் நேரத்தில், தெருவின் எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே, அன்று முறுக்கு டின்னோடு வந்த அந்த மகள் நின்றார். பக்கத்தில் கணவர், உயரமாக வளர்ந்துவிட்ட பிள்ளை. கையில் மடித்த பத்திரிகை. மேளச் சத்தத்துக்கு நடுவே தெருவைக் கடந்து அவரிடம் போனேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"இத எழுதினது நீங்களா தம்பி?"

"ஆமாங்க்கா."

"ஒரு எழுத்துப் பிழகூட இல்ல. அப்பாவுக்குப் பிடிச்சிருக்கும்."

என்னை அவர் திட்டியிருக்கலாம். இரண்டு முறை படித்த பாடத்திலேயே மறுபடியும் தோற்றவன் நான். வாட்ஸ்அப்பில் உருகிய நாற்பது பேரையும், சாரையும் மட்டம் தட்ட எனக்கு என்ன தகுதி என்று அங்கேயே வெட்கினேன். பேனாவை எடுத்தேன்.

"முழுப் பேர் சொல்லுங்கக்கா. வீட்டுக்காரர் பேரும் பிள்ள பேரும். இன்னொரு எடத்துல எழுதப் போறேன். போடலாமா?"

அவர், வண்டியில் பெட்டி ஏற்றப்படுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க," என்றார். "மூத்த மகள்னு போடுங்க."

அந்த இடம் இந்த மலர்தான். கதிரவன் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். புதன்கிழமை வந்த அறிவிப்பில் ஒரு பிழை இருந்தது. அதை எழுதியவன் நான். அமரர் அருள்செல்வம் அவர்களின் மூத்த மகள் பூங்கொடி, மருமகன் லிம் வெய் செங், பேரன் லிம் இளமாறன்.

எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினேன் சார். நேரில் போய்க் கேட்டேன். நீங்கள் போன் போட்டுச் சரிபார்க்கலாம், இந்த முறை எடுப்பதும் மகள்தான். போய் வாருங்கள்.